தேங்காய் அறையில் வைத்த கமோடு

12-3-58, புதன்

இன்று காலை முப்பிடாதி கொல்லைக் கக்கூஸ் படியில் விழுந்துவிட்டாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. என் அக்கா மூக்கம்மா தாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறாள். அவளும் சேர்ந்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள்.

தை மாதம் வாதம் அடித்ததில் என் மனைவி முப்பிடாதிக்கு இடது கையும் இடது காலும் போயின. காலில் இப்போது கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. சுவரைப் பிடித்து இழுத்து இழுத்து நடக்கிறாள். கை வரவில்லை. நனைந்த துணி மாதிரித் தொங்குகிறது.

எங்கள் வீட்டில் இருப்பது எடுப்புக் கக்கூஸ். அடியில் வாளி வைக்க வேண்டுமென்று மேடையை உயர்த்திக் கட்டினது. கிணற்றைத் தாண்டி, தொழுவத்தைத் தாண்டி, மதில் ஓரம். படி ஏறி, குத்தவைத்து, எழுந்து, படி இறங்கி வர வேண்டும். மழை பெய்தால் இரண்டு காலும் நன்றாக உள்ளவனுக்கே வழுக்கும். கட்டின அன்று, வீட்டைவிட்டுத் தள்ளிச் சுத்தமாக இருக்கிறது என்று பெருமைப்பட்டவன் நான்தான்.

தையல் போட்டுவிட்டு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவங்க தண்ணியே குடிக்கிறதில்லையா? நாக்கு காய்ஞ்சு கிடக்கு. சாப்பாடும் இல்ல. நீர்ல சீழ் வருது. இப்படியே போனா வாதம் கொல்லாது, பட்டினி கொல்லும்" என்றார்.

வீட்டுக்கு வந்து அக்காவைக் கேட்டேன். "கொல்லைக்குப் போகணுமேன்னு தண்ணிய நிறுத்திட்டாளே. நான் டம்ளர நீட்டுனா உதட்ட நனைச்சிட்டு வச்சிருதா" என்றாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். "இதையெல்லாம் ஆம்பிளைகிட்ட எப்படிச் சொல்ல?"

நான் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். தென்காசியில் பாதி வீட்டுக் குழாய் நம் கடைச் சரக்கு. என் வீட்டில் ஒருத்தி தாகத்தோடு கிடக்கிறாள்.

14-3-58

முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். உட்காருகிற மாதிரி, நாற்காலிக் கக்கூஸ்.

16-3-58, ஞாயிறு

அக்காவோடு சண்டை. இடம் தேங்காய் அறைதான் என்று சொன்னதும் ஆரம்பித்தாள். முப்பிடாதி கட்டிலிலிருந்து நாலு எட்டு வைத்தால் வந்துவிடும், கொல்லைப் பக்கமும் சுவர் இருக்கிறது, பைப்பை வெளியே எடுக்கலாம். ஆனால் இந்தப் பக்கத்துச் சுவர் அடுப்படிச் சுவர்.

"ஏலே பலவேசம், உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அந்தப் பக்கம் சோத்துப்பானை, இந்தப் பக்கம் கக்கூஸா? நாளைக்கு உன் வீட்டுல எவ கை நனைப்பா?"

"எவளும் நனைக்க வேண்டாம். முப்பிடாதி நனைச்சா போதும்."

"நான் புருசன் செத்து உன் வீட்டுக்கு வந்து இத்தன வருசமா ஒரு வார்த்த சொன்னேனா? இப்ப சொல்லுதேன். இது நல்லதுக்கில்ல."

அவளையும் குறை சொல்ல முடியாது. இரண்டு மாதமாக முப்பிடாதிக்கு எல்லாம் செய்கிறவள் அவள்தான். ஆனால் விழுந்து அடிபட்டும் இப்படிப் பேசுகிறாளே என்று எனக்கு ஆத்திரம். முப்பிடாதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

22-3-58

கமோடு கிடைத்துவிட்டது. குற்றாலத்தில் ஒரு பழைய பங்களாவைப் பிரித்து விற்கிறார்கள். கதவு, ஜன்னல், ஓடு எல்லாம் போய்விட்டது. இதை மட்டும் யாரும் சீண்டவில்லை. புளியமரத்தடியில் கிடந்தது, உள்ளே இலை மக்கி, தேரை ஒன்று குடியிருந்தது. விலையை நான் சொன்னேன், அவன் சரி என்றான். பேரம் பேச ஆள் இல்லாத சரக்கு.

கொண்டு வருவதுதான் பெரும்பாடு. வண்டிக்காரன் தொட மாட்டேன் என்றான். நான்தான் சாக்கில் கட்டித் தூக்கி வைத்தேன். பஜாரில் வரும்போது சாக்கு நழுவிவிட்டது. "அண்ணாச்சி, துரை சிம்மாசனம் யாருக்கு?" என்று எண்ணெய்க்கடைக்காரன் கத்தினான். "உனக்குத்தாம்வே, உன் வாய்க்கு மூடி போட" என்றேன்.

அக்கா மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். கமோடுக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்து.

9-4-58

குற்றாலத்தில் நான் குத்தகைக்கு எடுத்திருக்கும் லாட்ஜில் சீசனுக்கு முன்னால் வெள்ளையடிக்கிற வேலை. நாலு நாள் அங்கே தங்கிவிட்டு இன்று வந்தேன். வேலை முடிந்தது என்று மாடன் கொத்தனார் வெற்றிலை வாயோடு நின்றான்.

போய்ப் பார்த்தேன். அறைக்கு முன்னால் இரண்டு படி!

"என்னவே இது?"

"கீழ பாறை தட்டிருச்சு அண்ணாச்சி. செப்டிக் தொட்டிய ஆழமா எறக்க முடியல. தொட்டி மேல நின்னா பைப்பு சரிஞ்சு ஓட வாட்டம் வேணும்லா? அதான் அறைத் தரைய தூக்கிட்டேன். ரெண்டே ரெண்டு படிதான."

ரெண்டே ரெண்டு படிதானாம்! படியில் விழுந்தவளுக்காகக் கட்டுகிற அறை என்று எத்தனை தடவை சொன்னேன். அந்த முட்டாளுக்கு மட்டுமா, எனக்கும் தெரியவில்லையே, தொட்டிக்கும் தரைக்கும் உள்ள கணக்கு. பைப் விற்கிறவன் வாட்டத்தைப் பற்றி யோசிக்காமல் வெள்ளையடிக்கப் போயிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. வாசலுக்கு நிலை வைத்திருக்கிறான். நாலு பக்கமும் சட்டம் உள்ள நிலை. கீழ்ச்சட்டம் தரைக்கு மேலே நாலு விரல் உயரம். அதைத் தாண்ட முப்பிடாதியால் இடது காலைத் தூக்க முடியாது.

"இந்தக் கீழ்ச்சட்டம் எதுக்கு?"

"கீழ்ச்சட்டம் இல்லாம நிலையா? ஆவுடையப்பன் ஆசாரி செய்ய மாட்டேன்னுட்டாரு. மூணு சட்டத்துல நிலை வச்சா வீட்டுல எதுவும் தங்காதாம்."

"கக்கூஸ்ல எதுவே தங்கணும்?"

கொத்தனார் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை.

10-4-58

படியை இடிக்கச் சொல்லிவிட்டேன். கல்லுடைக்கிற ஆட்கள் இரண்டு பேர் பாறையில் உளி போடுகிறார்கள். காலையிலிருந்து ணங் ணங் என்று மண்டைக்குள் அடிக்கிறது. பக்கத்து வீட்டில் வந்து கேட்கிறார்கள், கிணறு வெட்டுகிறீர்களா என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

15-4-58

ஆசாரி வரமாட்டேன் என்றான். நானே மரம் அறுக்கிற வாளை எடுத்து நிலையின் கீழ்ச்சட்டத்தை அறுத்து எடுத்தேன். பழைய தேக்கு, கை கொப்பளித்துவிட்டது. அக்கா பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

20-4-58

பிடிமானக் கம்பி போட தளவாயை வரச் சொன்னேன். ஃபிட்டர் தளவாய் புனலூர்ப் பக்கம் ஆலைகளில் வேலை பார்த்தவன். கை சுத்தம், வாய் ஓயாது. "என்ன உயரத்துல போடணும்?" என்றான். முப்பிடாதியை வந்து உட்காரச் சொல்ல முடியுமா, அந்நிய ஆண்பிள்ளைக்கு முன்னால்? அக்காவை உட்காரச் சொன்னேன். "துரை உக்காந்த சட்டியில நானா? நான் செத்ததுக்கு அப்புறம் உக்கார வையி" என்றாள். கடைசியில் நானே உட்கார்ந்து காட்டினேன். வலது பக்கச் சுவரில் முக்கால் இஞ்சு பைப்பை வளைத்து, தோளுக்கு நேரே போட்டான்.

சாயங்காலம் அக்காவின் துணையோடு முப்பிடாதி போய்ப் பார்த்தாள். கம்பி அவள் காதுக்கு நேரே இருக்கிறதாம். நான் உயரம், அவள் குட்டை. மறுபடி கழற்று, மறுபடி மாட்டு. சுவரில் ஓட்டைமேல் ஓட்டை.

24-4-58

எல்லாம் முடிந்தது. படி இல்லை, சட்டம் இல்லை. கட்டிலிலிருந்து அறை வரைக்கும் சுவரோரம் கம்பி. மொட்டைமாடியில் தகரத் தொட்டி, கிணற்றிலிருந்து ஏற்ற ஒரு கைப்பம்பு. தனியாக நடந்து போனாள், உட்கார்ந்தாள், கம்பியைப் பிடித்து எழுந்தாள், வந்தாள். வெள்ளோட்டம்தான், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. எனக்கு லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்த அன்றுகூட இவ்வளவு சந்தோஷம் இல்லை.

30-4-58

ஒன்றும் மாறவில்லை.

இன்னும் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டுதான் போகிறாள். இன்னும் தண்ணீர் உதட்டளவுதான். அக்கா சோற்றை உருட்டி ஊட்டினால் மூன்று வாய், நாலாவதுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வலது கைதான் நன்றாக இருக்கிறதே, எடுத்துச் சாப்பிட வேண்டியதுதானே? அந்தக் கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

டாக்டர், "வெயில் காலம், இப்பவும் தண்ணி குடிக்காட்டி நான் பொறுப்பில்ல" என்கிறார். என்னைத் திட்டி என்ன பிரயோசனம்? நான் என்ன செய்யவில்லை? சொல்லுங்கள், இன்னும் என்ன செய்ய வேண்டும்?

3-5-58, சனி

இன்று கத்திவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட வந்தேன். அக்கா மோர்ச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். எனக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது.

"இன்னும் என்னட்டி வேணும் உனக்கு? பாறைய ஒடச்சேன். நிலைய அறுத்தேன். ஊரே சிரிக்குது. துரைமார் வீட்டுலகூட இப்படிக் கிடையாது. பட்டினி கிடந்து யாரைப் பழிவாங்குத?"

முப்பிடாதி அழவில்லை. "மதினி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். அக்கா கையைக்கூடக் கழுவாமல் போய்விட்டாள்.

"உக்காரத் தெரியுது. எந்திரிக்கத் தெரியுது. அதுக்கு அப்புறம்? எந்தக் கையால கழுவச் சொல்லுதிய?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் வலது கையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இந்தக் கையாலயா? இதாலதான் விளக்கேத்துதேன். இதாலதான் பொட்டு வைக்கேன். இதாலதான் சோத்தப் பெசஞ்சு திங்கணும். கழுவுற கை செத்துப் போச்சு. உசுரோட இருக்கது இது ஒண்ணுதான். கழுவுன கையால நீங்க சாப்பிடுவியளா?"

"சோப்பு போட்டு..."

"நீங்க சாப்பிடுவியளா?"

நான் என் வலது கையைப் பார்த்தேன்.

"அதான் மதினி கழுவி விடுதாக. அவுகளே வந்து ஊட்டியும் விடுதாக. நான் என்ன பச்சப்புள்ளையா? தின்னாத்தான கழுவணும். கட்டுனிய கட்டுனிய, இவ்வளவும் கட்டுனிய. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

கடைக்குப் போய்விட்டேன். வந்தவன் ஆணி கேட்டான், திருகாணியைக் கொடுத்து அனுப்பினேன். டாக்டரைக் கேட்டேன், கொத்தனைக் கேட்டேன், ஃபிட்டரைக் கேட்டேன். அவளைக் கேட்கவில்லை. கேட்டால் வெட்கப்படுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கப்பட்டவன் யார்?

4-5-58

வலது கையால் கழுவிக்கொள் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாமா? கை தானே, தோல் தானே. இன்று காலை இலைக்கு முன்னால் உட்கார்ந்து என்னையே கேட்டுப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. என்னால் முடியாததை அவளிடம் எப்படிச் சொல்ல?

அக்காவும் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "கழுவி விட்டு ஊட்டியும் விட எனக்கு மட்டும் ஆசையா?" என்றாள்.

6-5-58

குற்றாலத்தில் தளவாய் இன்று ஒரு கிறுக்குத்தனம் செய்தான். மேல் வால்வை மூடாமல் லாட்ஜ் பின்பக்கத்து எல்போ வளைவுக் குழாயைக் கழற்றிவிட்டான். மலைத் தண்ணீர், என்ன வேகம்! பீச்சி அடித்ததில் அவன் தலைப்பாகை வாய்க்காலில் போனது. நான் திட்ட வாயெடுத்தேன். அப்போதுதான் எதிர்ச்சுவரைப் பார்த்தேன். வெள்ளையடித்தபோது ஒட்டின சேறு, இரண்டு ஆள் வைத்துத் தேய்த்தும் போகாதது, தண்ணீர் பட்ட இடத்தில் மட்டும் கழன்று விழுந்து சுத்தமாக இருந்தது.

யாரும் கை வைக்கவில்லை.

"மூடட்டுமா அண்ணாச்சி?" என்று தளவாய் கத்தினான். "இருவே, கொஞ்சம் இரு" என்றேன். அவன் என்னைப் பைத்தியக்காரன் மாதிரிப் பார்த்தான்.

11-5-58, ஞாயிறு

சின்னச் செம்புக் குழாய் ஒன்றை வளைத்து, கமோடின் பின்விளிம்புக்கு அடியில், நுனி மேலே பார்க்கிற மாதிரிக் கட்டினோம். மாடித் தொட்டியிலிருந்து தனி லைன். நுனியைத் தட்டிச் சப்பையாக்கினான் தளவாய். யார் சோதித்துப் பார்ப்பது? நான்தான். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியிலிருந்து அவன் வால்வைத் திறந்தான்.

சித்திரை வெயிலில் தகரத் தொட்டி நாள் முழுக்கக் காய்ந்திருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

நான் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்களாம். தளவாய் பயந்துபோய் வால்வை மூடுவதற்குப் பதிலாக இன்னும் திறந்துவிட்டான். நான் எழுந்தேன். தண்ணீர் முதுகு, பிடரி, கூரை என்று அடித்தது. வேட்டியோடு கொதிநீரில் குளித்து வெளியே வந்தேன்.

"அண்ணாச்சி, சூடு கொள்ளாமா, நல்லாருக்கா?" என்றான் படுபாவி.

அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். கட்டில் பக்கமிருந்தும் ஒரு சத்தம். தை மாதத்துக்குப் பிறகு முப்பிடாதி சிரித்து இன்றுதான் கேட்கிறேன். ஒரு பக்கத்து உதடு இழுத்துக்கொண்ட சிரிப்பு. சிரிக்கட்டும். ஆனால் எரிச்சல் எனக்குத்தான் தெரியும். இன்னும் உட்கார முடியவில்லை.

12-5-58

தொட்டிக்கு மேலே தென்னங்கிடுகில் பந்தல் போட்டு, தகரத்தைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டச் சொன்னேன்.

பிறகு கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். "தண்ணி திறக்குற திருகு எந்த இடத்துல வேணும்?" என்று கேட்டேன். கேட்கவே வாய் கூசியது. அவள் கணக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்.

"வலது தொடைக்குப் பக்கத்துல. குனியாம எட்டணும். பைய திறக்குற மாதிரி இருக்கணும், ஒரேயடியா அடிக்கக் கூடாது. கம்பி இப்ப இருக்கதுக்கும் கீழ ஒரு சாண் எறங்கணும். தொடைக்க பழந்துணி வைக்க ஒரு மாடக்குழி. கதவுக்கு உள்தாழ்ப்பாள்."

"தாழ்ப்பாள் வேண்டாம், உள்ள விழுந்துட்டா?" என்றாள் அக்கா.

"விழுந்தா கம்பியத் தட்டுதேன். இரும்புதான, வீடு பூரா கேக்கும்."

"அந்தத் திருகுற கையி? அதுவும் கக்கூஸ்ல பட்ட கைதான?"

"திருகுறதுக்கும் கழுவுறதுக்கும் வித்தியாசம் தெரியாதா மதினி?" என்றாள் முப்பிடாதி. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இந்த வாயடியைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

தளவாய் வந்தபோது அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அளவு சொன்னாள். "இன்னும் கீழ. இன்னும். ஆங், அங்கனதான்." நான் தோளை வைத்து அளந்ததற்கும் அவள் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை.

17-5-58

குழாய் நுனி அடைத்துக்கொண்டது, கிணற்று மண். கழற்றி மாட்டினோம். இன்னொரு தடவை ஒழுகியது. தளவாய் சணல் சுற்றி இறுக்கினான். நம் கடையில் வாங்கின திருகுதான் ஒழுகுகிறது. இதைத்தான் இத்தனை வருஷம் ஊருக்கு விற்றேனா?

18-5-58

உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

19-5-58

ஒரு செம்புத் தண்ணீர் முழுசாகக் குடித்தாள். சோறு இன்னும் அக்கா கையால்தான்.

கேட்க வேண்டாம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

23-5-58

மத்தியானம் வந்தபோது அடுப்படியில் மணையைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே இலை. அக்கா ரசம் ஊற்றினாள். முப்பிடாதி பிசைந்தாள், எடுத்தாள், சாப்பிட்டாள். ரசம் முழங்கை வரைக்கும் வழிந்தது. "என்ன வேடிக்கை? உங்களுக்கு எல போடலியேன்னு பாக்கியளா?" என்றாள்.

உப்புக் கூடுதல். சொல்லவில்லை.

2-6-58

சாரல் தொடங்கிவிட்டது. லாட்ஜ் நிறைந்துவிட்டது. எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் வாதம் தணியும் என்று வருஷா வருஷம் வருகிறவர்கள் எத்தனை பேர்! காலில்லாதவன், கை விழுந்தவன், முதுகு பிடித்தவன். இத்தனை சீசனாக அவர்களிடம் வாடகை வாங்குகிறேன். லாட்ஜ் கக்கூஸ் மாடிப்படிக்கு அடியில், குனிந்து போய்க் குத்தவைக்க வேண்டும். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வந்த மறுநாளே சிலர் காலி செய்துகொண்டு போவார்கள். சாப்பாடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

கீழ்த்தளத்தில் ஒரு அறையை மாற்றலாம் என்று கட்டிடச் சொந்தக்காரர் சங்கரபாண்டியிடம் கேட்டேன். "வேண்டாம்வே. நொண்டி முடமெல்லாம் வந்து தங்குனா மத்த ஆளுக வரமாட்டாக" என்றார். என் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேதான் சொன்னார். ஒரு சுவரை இடிக்க அவர் கையெழுத்து வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

14-6-58

மறுபடி கேட்டேன். மறுபடி இல்லை. "உம்ம குத்தகை முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்கிறார். மிரட்டுகிறாராம்.

22-6-58, ஞாயிறு

கடையநல்லூரிலிருந்து ஜாஹிரா பீவி என்று ஒரு அம்மாள் கடைக்கு வந்தார்கள், கூட அவர்கள் வீட்டுக்காரர். ஜவுளி வியாபாரம். அவர்களைப் பெற்ற உம்மாவைச் சாரலுக்கு அழைத்து வந்து நம் லாட்ஜில்தான் தங்கியிருக்கிறார்கள். மறுநாளே திரும்பிவிட்டார்கள். அந்த உம்மாவுக்கும் வாதம், இடது பக்கம்தான். லாட்ஜில் தளவாய் வாயளந்திருக்கிறான், நம் வீட்டில் இப்படி ஒன்று இருக்கிறது என்று.

எனக்கு அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. ஊர் முழுக்க இனி இதுதான் பேச்சு. முப்பிடாதி என்ன சொல்வாளோ? "அதெல்லாம் வீட்டு விஷயம்" என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன். ஜாஹிரா பீவி போகவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்கள்: "அண்ணாச்சி, எங்க உம்மா ரெண்டு மாசமா சோத்துல கை வைக்கல. ஏன்னு கேட்டா சொல்லவும் மாட்டேங்குது."

வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டுக்காரரும் நானும் முன்கட்டில் உட்கார்ந்தோம். பெண்கள் உள்ளே. முதலில் பேச்சுச் சத்தமே இல்லை. பிறகு முப்பிடாதி குரல் மட்டும். பிறகு தண்ணீர் பீச்சுகிற சத்தம், மூடுகிற சத்தம், மறுபடி பீச்சுகிற சத்தம். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வெந்த கதையைச் சொல்லியிருப்பாள்.

போகும்போது அந்த அம்மாள் கண் சிவந்திருந்தது.

23-6-58

கடையநல்லூர்க்காரர்கள் கேட்ட சாமானை அடக்க விலைக்கே கொடுத்துவிடலாம் என்று முப்பிடாதியிடம் சொன்னேன். புண்ணியம் என்று நினைத்தேன்.

"எதுக்கு?" என்றாள். "பாவப்பட்டா? எம்மேல யாரும் பாவப்படப்பிடாதுன்னுதான் நான் பட்டினி கிடந்தேன். அவுக மேல மட்டும் நாம ஏன் பாவப்படணும்? வியாபாரமாச் செய்ங்க. வியாபாரம்னாத்தான் ஒழுகுச்சுன்னா வந்து சண்ட போடுவாக."

முப்பது வருஷமாக வியாபாரம் செய்கிறேன்.

29-6-58, ஞாயிறு

கடையநல்லூர்க்காரர்கள் மறுபடி வந்தார்கள். பேசினது நானில்லை, முப்பிடாதி. கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பேசினாள். அவர்கள் வீட்டுக்காரர் குறைக்கச் சொல்லி என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பேசி முடித்தது:

பைப், கம்பி, திருகு, செம்புக் குழாய், மாடித் தொட்டி, தளவாய் கூலி எல்லாம் சேர்த்து நூற்று நாற்பது ரூபாய். பாதி இன்று கொடுத்தார்கள். மீதி, வேலை முடிந்து உம்மா தனியாகப் போய் வந்த பிறகு. கமோடும் கொத்து வேலையும் அவர்கள் பொறுப்பு. வாசலில் கீழ்ச்சட்டம் வைத்தால் நாங்கள் வேலை செய்ய மாட்டோம். கம்பியும் திருகும் எந்த இடத்தில் என்று உம்மாதான் சொல்ல வேண்டும், மகனும் மருமகனும் சொல்லக் கூடாது. அளவு கேட்க முப்பிடாதி நேரில் போவாள், போக வர கார் அவர்கள் செலவு. ஒரு வருஷத்துக்குள் ஒழுகினால் கூலி இல்லாமல் சரிசெய்து தருவோம்.